பிரித்து வைத்த துப்பாக்கி: உதிரிப் பாகங்கள் குறித்த சட்ட நிலை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் ஆயுதச் சட்டம் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றி எழுகின்றன: வாய்வழியாகக் கரிமருந்தும் ரவையும் திணித்துச் சுடும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. உரிமம் பெற்ற துப்பாக்கியாக இருப்பின் அது அரசுப் பதிவேட்டில் எஸ்.பி.எம்.எல். என்று குறிக்கப்படும், உரிமம் இல்லாததாயின் செய்தித்தாள்கள் அதைக் கள்ளத்துப்பாக்கி என்கின்றன. இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே. நீண்ட இரும்புக் குழல், அதைத் தாங்கும் மரக்கட்டை, விரலால் இழுக்கும் விசை, விசையை இழுத்ததும் சுத்திபோல் விழும் குதிரை, மருந்தை இடித்து இறுக்கும் கம்பி ஆகியவை தனித்தனியாகக் கழன்று வரக்கூடியவை. கழற்றிய குழல் ஓரிடத்திலும் கட்டை வேறிடத்திலும் இருந்தால் அது துப்பாக்கி ஆகாது என்ற எண்ணமும் இந்த எளிய அமைப்பிலிருந்தே பிறக்கிறது. அந்த எண்ணத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் உண்டு என்பதை இவ்வியல் ஆராய்கிறது.

சட்டம் எதைத் துப்பாக்கி என்கிறது

இந்தியாவில் இப்பொருளை ஆள்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆகும். 1878ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்தை நீக்கி இயற்றப்பட்ட இது, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் பிரிவு 2, ‘ஆயுதம்’ என்பதற்கும் ‘சுடுபடைக்கலன்’ என்பதற்கும் தரும் விளக்கங்கள் இரண்டிலுமே ‘பாகங்கள்’ என்ற சொல் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. சுடுபடைக்கலன் என்பது வெடிமருந்தின் விசையாலோ வேறு ஆற்றலாலோ குண்டை எறியும்படி வடிவமைக்கப்பட்ட அல்லது அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட ஆயுதம். அதன் பாகங்களும், அதைச் செய்வதற்கான இயந்திரங்களும், சுடும் ஓசையையோ ஒளியையோ குறைக்கும் துணைக்கருவிகளும் அதே சொல்லுக்குள் அடங்கும். வெடிபொருள் பக்கத்திலும் இதே முறைதான்: தோட்டா மட்டுமன்றித் தோட்டாவின் பாகங்களும் ‘வெடிபொருள்’ என்ற விளக்கத்துக்குள் வருகின்றன. ஆகவே உரிமம் இன்றிச் சுடுபடைக்கலனை வைத்திருக்கக் கூடாது என்னும் பிரிவு 3-ஐ, உரிமம் இன்றி அதன் பாகத்தையும் வைத்திருக்கக் கூடாது என்று சேர்த்தே படிக்க வேண்டும்.

அமெரிக்க நாட்டின் முறை இதற்கு நேர்மாறானது என்பதால், இணையத்தில் அந்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் இளைஞர்களுக்காக அதையும் இங்கே குறிப்பிட வேண்டியுள்ளது. அங்கே 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வரிசை எண் பொறிக்கப்படும் நடுச்சட்டமே சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. குழல், கட்டை, விசைத்தொகுதி போன்ற மாற்றத்தக்க உறுப்புகளைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அவ்வாறு கருதுவதில்லை, அவை கடைகளில் உதிரியாக விற்கப்படுகின்றன. இந்தியச் சட்டம் எந்த ஓர் உறுப்பையும் இவ்வாறு தலையுறுப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே உதிரிப்பாகமாகக் கடையில் வாங்கும் அதே குழல், இங்கே உரிமம் இல்லாதவர் கையில் தனியொரு குற்றத்தின் பொருளாக மாறிவிடும்.

சிறு பாகங்களுக்கான விலக்கு

மேற்சொன்ன கண்டிப்பான விதியை அப்படியே எழுத்துக்கு எழுத்து நடத்தினால், வழியில் கிடந்த ஒரு திருகாணியைப் பொறுக்கியவரும் குற்றவாளியாகிவிடுவார். அதைத் தவிர்க்கவே பிரிவு 45(டி) உள்ளது. ஆயுதம் அல்லது வெடிபொருளின் சிறு பாகங்களை ஒருவர் பெறுவதும் வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வாரா என்கிறது அது. ஆனால் அந்தச் சிறு பாகங்கள், அவரிடமோ வேறு எவரிடமோ உள்ள இணைப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கத்தில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இந்த ஒற்றை வாக்கியத்தில் மூன்று கட்டங்கள் உள்ளன. கல்வராயன் மலையில் எழும் கேள்விகளில் பெரும்பாலானவை இவற்றில் ஏதேனும் ஒன்றில்தான் தீர்கின்றன. முதலாவதாக, பாகம் சிறியதாக இருக்க வேண்டும். எது சிறியது என்பதற்குச் சட்டத்தின் விளக்கப் பிரிவில் பட்டியல் இல்லை; ஆயினும் குண்டு ஓடிச் செல்லும் குழலையோ மருந்து வெடிக்கும் அறையையோ சிறு பாகம் என்று வாதிடுவது மிகக் கடினம், கட்டையைப் பிணைக்கும் பித்தளைப் பட்டை, திருகாணி, கைப்பிடித் தகடு போன்றவற்றுக்கு அவ்வாதம் இயல்பாகப் பொருந்தும். விசையும் குதிரையும் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவை. அவை எந்நிலையில், எவற்றோடு கிடைத்தன என்பதைப் பொறுத்தே நீதிமன்றம் முடிவு செய்யும் என்பதால், அவற்றைச் சிறு பாகம் என்று முன்கூட்டியே நம்பிக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது கட்டம் நோக்கம். மூன்றாவதே மலைக் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது: இணைப் பாகம் ‘வேறு எவரிடமாவது’ இருந்தாலும் விலக்கு போய்விடும். வெள்ளிமலையில் அண்ணன் வீட்டுப் பரணில் குழலும், கரியாலூரில் தம்பி வீட்டு விறகடுக்கில் கட்டையும் விசையும் இருப்பதாகக் கொண்டால், தம்பியிடம் உள்ளவை சிறு பாகங்களே என்று ஒப்புக்கொண்டாலும், அவை அண்ணனின் குழலோடு சேர வைக்கப்பட்டவை என்று காட்டப்பட்ட நொடியில் பிரிவு 45(டி) அவருக்கு உதவாது. பாகங்களைப் பங்கிட்டு வைப்பது, உண்மையில், ஒருவர் மீதான வழக்கை இருவர் மீதான வழக்காக ஆக்கும் வேலையாகவே முடியும். விலக்கைக் கோருபவரே அதற்கான சூழ்நிலையை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி என்பதையும் இங்கே மறக்கலாகாது.

இதே அளவுகோல் மறுபக்கமும் வேலை செய்கிறது. கிணற்று மோட்டாருக்கு வாங்கிய ஜி.ஐ. பைப்பும், சைக்கிள் கடைப் பால்ரஸும், கொல்லன் பட்டறையில் உள்ள துளைக்கருவியும் தம்மளவில் துப்பாக்கிப் பாகங்கள் அல்ல. சட்டம் கேட்பது ஆயுதத்துக்கென வடிவமைக்கப்பட்டதா, மாற்றியமைக்கப்பட்டதா என்பதையே. அதே பால்ரஸ் கரிமருந்துப் பொட்டலத்தோடும் பாதி முடிந்த கட்டையோடும் ஒரே சாக்கில் கிடந்தால், அதன் பெயர் மாறிவிடுகிறது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும்: எடைக்கு வந்த இரும்பில் ஒருபுறம் அடைத்து, பக்கத்தில் நுண்துளை இட்ட குழல் ஒன்று தென்பட்டால், அதை விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதும் உருக்குக்கு அனுப்புவதும் தவறான வழிகள், காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதே சரியானது.

துருப்பிடித்ததும் தாத்தா காலத்ததும்

பிரிவு 45(சி) மற்றொரு விலக்கைத் தருகிறது. வழக்கொழிந்த வகையைச் சேர்ந்த, அல்லது தொன்மை மதிப்புடைய, அல்லது பழுதுற்ற ஆயுதங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று அது தொடங்குவதைப் படித்ததும் பலர் நிம்மதி அடைந்துவிடுகின்றனர். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாத நிலையில் அது இருக்க வேண்டும் என்ற சொற்றொடர் பின்னால் நிற்கிறது. விசை உடைந்திருப்பதும், கட்டையைக் கறையான் தின்றிருப்பதும், குழலின் வெளிப்புறம் துருவேறியிருப்பதும் இந்த வரம்புக்குப் போதா. ஏனெனில் இவை அனைத்தும் ஒரு பட்டறையில் மாற்றிவிடக் கூடிய குறைகள். குழல் பிளந்தோ உள்ளே அரித்தோ எவ்விதத்திலும் மீட்க முடியாதபடி போயிருந்தால் மட்டுமே விலக்கு உறுதியாகக் கிட்டும். அதைச் சொல்ல வேண்டியவரும் உரிமையாளர் அல்லர். கைப்பற்றப்பட்ட பொருளைத் தடய அறிவியல் துறையின் வல்லுநர் ஆய்ந்து, சுடத்தக்கதா இல்லையா என்று தரும் அறிக்கையே நீதிமன்றத்தில் எடை பெறும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த அறிக்கையில் முதலில் தேட வேண்டியது, பழுது பார்த்தால் சுடுமா என்ற கேள்விக்கு வல்லுநர் விடை சொல்லியிருக்கிறாரா என்பதையே.

சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய ஜாகிர்தார்களின் ஆளுகையிலிருந்து கல்வராயன் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976இல்தான் என்பதால், முந்தைய தலைமுறையின் பொருள்களுக்குத் தாள் இல்லாமல் இருப்பது அங்கே வியப்பன்று. ஆயினும் ஜாகிர் காலத்தில் வைத்திருந்தார்கள் என்பது இன்றைய உரிமத்துக்கு மாற்றாகாது. குடகு நாட்டில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் மத்திய அரசு பிரிவு 41-இன்கீழ் தரும் விலக்கு பலரும் அறிந்தது. 2019இல் அது மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அத்தகைய அறிவிக்கை எதுவும் கல்வராயன் மலையாளிப் பழங்குடியினருக்கு இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையும் இதற்குத் துணைக்கு அழைக்க இயலாது. மரபுரிமைகள் பலவற்றை ஏற்கும் அச்சட்டம், வேட்டையாடும் உரிமையைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது.

தாள் இருக்கும் குடும்பங்களுக்குச் சிக்கல் வேறு. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன் விழுப்புரம், 1993 செப்டம்பர் 30-க்கு முன் தென்னாற்காடு. ஆகவே தாத்தாவின் உரிமப் புத்தகத்தில் கடலூரின் முத்திரையும், தந்தையின் புதுப்பித்தலில் விழுப்புரத்தின் முத்திரையும் இருப்பது இயல்பே. இன்று அணுக வேண்டியது கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியரை. கருமந்துறைப் பக்கத்தில் வசிப்பவர் சேலம் மாவட்ட ஆட்சியரிடம் செல்ல வேண்டும், மலை ஒன்றுதான் என்றாலும். உரிமதாரர் இறந்தபின் அவர் துப்பாக்கியை வாரிசு தாமே வைத்துக்கொள்வது உரிமமற்ற உடைமையாகும். தாமதமின்றி அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு (பிரிவு 21), 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கென உள்ள 25ஆம் விதியின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். எழுபது வயதைக் கடந்தவரும், இருபத்தைந்து ஆண்டுகள் உரிமம் வைத்திருந்தவரும், உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற இவ்விதி வழிவிடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

உரிமம் உள்ளவரும் செய்யக் கூடாதவை

உரிமம் என்பது ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கானது. துப்பாக்கி என்னும் இனத்துக்கானது அன்று. உரிமப் புத்தகத்தின் பக்கத்தில் வகை, செய்தவர் பெயர், எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அதே எண் குழலின் அடிப்பகுதியிலோ பூட்டுத் தகட்டிலோ உளியால் பொறித்தது போல் பதிந்திருக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு இரண்டையும் ஓர் எழுத்தும் விடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பது, தேர்தல் காலத்தில் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்கப் போகும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை. பிரிவு 8-இன்படி அடையாள எண்ணை அழிப்பது குற்றம். எண் அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அவரே அழித்ததாக ஊகிக்கப்படும். பழைய குழல் தேய்ந்ததென்று எண்ணில்லாத வேறொரு குழலைப் பொருத்திக்கொண்டவர், இந்த ஊகத்துக்குள் தாமே நடந்து செல்கிறார்.

மாற்றுக் குழலைக் கூடுதலாக வைத்திருப்பதும் அவ்வாறே. உரிமத்தில் ஏறாத குழல், உரிமமற்ற பாகம். ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாக 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் குறைக்கப்பட்டுள்ள நிலையில், கூடுதல் குழலும் கட்டையும் சேர்ந்து மற்றொரு துப்பாக்கியாகக் கணக்கிடப்படும் இடர் சிறியதன்று. குழலை அறுத்துக் குட்டையாக்குவதும், ஒருவகைத் துப்பாக்கியை வேறுவகையாக மாற்றுவதும் தனி உரிமம் இன்றிச் செய்யக் கூடாதவை (பிரிவு 6). தூக்கிச் செல்ல வசதி என்ற காரணம் நீதிமன்றத்தில் எடுபடாது.

தண்டனையின் ஏற்ற இறக்கம் இங்கேதான் கவனிக்கத்தக்கது. பிரிவு 25(1பி)(ஏ)-இன்படி, தடைசெய்யப்பட்ட வகையைச் சேராத துப்பாக்கியை அல்லது அதன் பாகத்தை உரிமமின்றி வைத்திருப்பதற்கு, 2019 டிசம்பர் 14 முதல் குறைந்தது இரண்டு ஆண்டும் அதிக அளவாக ஐந்து ஆண்டும் சிறையும் அபராதமும் உண்டு; தகுந்த சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் எழுதி, குறைந்த தண்டனை தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் உரிமமின்றித் துப்பாக்கி செய்தல், விற்றல், மாற்றியமைத்தல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கும், குழலைக் குறுக்குவதற்கும் பிரிவு 25(1) விதிப்பது குறைந்தது ஏழு ஆண்டுகள், ஆயுள் வரை நீளக் கூடியது. விளைவு இதுதான்: துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் ஈராண்டில் தப்பக்கூடிய இடத்தில், சில நூறு ரூபாய் கூலிக்கு அதன் குதிரையைச் சரிசெய்து கொடுத்த கொல்லர் ஏழாண்டிலிருந்து தொடங்கும் வழக்கில் நிற்பார். கொண்டு வந்தவரிடம் உரிமம் இருப்பது கொல்லரைக் காப்பாற்றாது. பழுது பார்ப்பவருக்கென்று தனி உரிமம் வேண்டும். கடுமையைக் கூட்டிய நாடாளுமன்றத்தார் மனத்தில் இருந்தவை நகரத்துக் கும்பல்களும் ஆயுதக் கடத்தலுமே ஆயினும், அதே எழுத்து சங்கராபுரம், கச்சிராயபாளையம் பக்கத்துச் சிறு பட்டறை மீதும் அப்படியே விழுகிறது. இது நியாயமா என்பது விவாதத்துக்குரியது. பட்டறைக்காரர் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது.

பயிர்க் காவலும் பன்றியும்

மரவள்ளியும் சாமையும் பயிரிடும் மேட்டு நிலங்களில் காட்டுப் பன்றியே பெரும் பகை. பயிர்க் காவலுக்காக வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கோர முடியும் என்பதைப் பிரிவு 13(3) தெளிவாகவே ஏற்கிறது. காவல்துறையின் அறிக்கை பெற்று உரிமம் வழங்கும் அதிகாரி முடிவு செய்ய வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். எனினும் உரிமம் கிடைத்தது சுட அனுமதி ஆகாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பொதுவாகத் தடை செய்கிறது; 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த நடைமுறையிலும், காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடவே கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று பகுக்கப்பட்டுள்ளது. உழவர் சுடலாம் என்று எங்குமே இல்லை. கல்வராயன் ஊர்கள் பலவும் காப்புக்காட்டின் விளிம்பில் இருப்பதால் மூன்றாம் வகைக்கு அங்கே இடம் குறைவு. எனவே பன்றித் தொல்லைக்கான மனு வனச்சரக அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும்.

சோதனை, உடைமை, ஒப்படைப்பு

வீட்டில் ஒரு பாகம் கண்டெடுக்கப்பட்டது என்பதாலேயே அங்கு வாழும் அனைவரும் குற்றவாளிகள் ஆவதில்லை. குன்வந்த்லால் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம், ஆயுதச் சட்டத்தில் உடைமை என்பது அறிவோடும் கட்டுப்பாட்டோடும் கூடிய உடைமை என்று விளக்கியது. பொருள் கையில் இல்லாவிட்டாலும் அதன்மீது ஆளுகை இருந்தால் உடைமையே, ஆளுகையும் அறிவும் இல்லாதபோது கூரைக்கடியில் கிடந்தாலும் உடைமை இல்லை. கூட்டுக் குடும்ப வீட்டைப் பொறுத்தவரை பிரிவு 35, பொருள் இருப்பதை அறிந்திருந்தார் என நம்பக் காரணம் உள்ள ஒவ்வொருவரையும் பொறுப்பாக்குகிறது. அறியாதவர் அதை எடுத்துரைக்கும் வாய்ப்பும் அதிலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் பிரிவு 105, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. எந்தப் பாகம் எந்த அறையில், எதன் அருகே கிடந்தது என்பதே பிரிவு 45(டி)-இன் உயிர்நாடி என்பதால், அந்தப் பதிவின் நகலைக் கேட்டுப் பெறுவது பாதி வழக்கு நடத்தியதற்குச் சமம். பிரிவு 3-ஐ மீறியதற்கான வழக்கைத் தொடர மாவட்ட நடுவர் என்ற முறையில் ஆட்சியரின் முன் அனுமதி தேவை (பிரிவு 39). அந்த ஆணை கோப்பில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

உரிமமற்ற துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்குமாறு காவல்துறை தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் அவ்வப்போது அறிவிப்பதுண்டு. ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்னும் உறுதி அந்த அறிவிப்பின் பலத்தில் நிற்பதே அன்றி, ஆயுதச் சட்டத்தில் எழுதப்பட்டதன்று. பிரிவு 21 சொல்வது, முன்பு முறைப்படி வைத்திருந்து பின்னர் உரிமம் இழந்தவர்களைப் பற்றியே. எனவே அறிவிப்பு நடப்பில் உள்ள நாள்களில், அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரோடும் இயன்றால் வழக்கறிஞரோடும் சென்று, குழல், கட்டை, விசை, மருந்துக் குப்பி என்று எதையும் பிடித்து வைக்காமல் முழுமையாக ஒப்படைத்து, ஒவ்வொரு பாகத்தின் பெயரும் எழுதப்பட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற வேண்டும். மருந்து ஏற்றப்பட்ட நிலையில் உள்ள துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கக் கூடாது. கரியாலூர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வந்து எடுக்கும்படி செய்வதே உயிருக்கும் வழக்குக்கும் நல்லது. வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க இயலாமை இதற்குத் தடையாக வேண்டியதில்லை: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12, பட்டியல் பழங்குடியினருக்கு வருமான வரம்பு எதுவும் இன்றி இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது, விண்ணப்பத்தோடு சாதிச் சான்றிதழின் நகலை இணைத்து, நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் கொடுத்தால் போதும்.